கம்பியில்லா வலையமைப்புக் கட்டுப்பாட்டகம்: அமைப்புத் திரைக்குப் பின்னால் ஒரு வரலாறு

கம்பியில்லா வலையமைப்புக் கட்டுப்பாட்டகம் என்பது ஒரு கட்டடத்திலோ வளாகத்திலோ பொருத்தப்பட்டுள்ள பல வை-ஃபை பெட்டிகளை ஓரிடத்திலிருந்து இயக்கும் கருவி அல்லது மென்பொருள் ஆகும். பேச்சு வழக்கில் இதை ‘வை-ஃபை கன்ட்ரோலர்’ என்பர். கூரையில் தட்டுப் போல ஒட்டிக்கொண்டிருக்கும் பெட்டிகளுக்கு ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்று பெயர். தமிழில் அணுகுபுள்ளி எனலாம். வீட்டில் ஒரே ஒரு ரவுட்டர் இருந்தால் கட்டுப்பாட்டகம் தேவையில்லை. அடையாறு, கிண்டி பக்கத்துக் கல்லூரி வளாகங்களிலோ தியாகராய நகரின் பல மாடிக் கடைகளிலோ மயிலாப்பூரின் மருத்துவமனைகளிலோ நூற்றுக்கணக்கான அணுகுபுள்ளிகள் இருக்கும். அவற்றுக்கு ஏணி வைத்து ஏறி ஒவ்வொன்றாகக் கடவுச்சொல் மாற்ற முடியாது.

கட்டுப்பாட்டகத்தின் அமைப்புத் திரையைத் திறந்தால் சில கட்டங்கள் தென்படும். நாடு, அலைவரிசை, திறன், வலையமைப்பின் பெயர், கடவுச்சொல், பயனர் நுழையும் முறை ஆகியவற்றை அங்கே கேட்கும். தொழில்நுட்பப் பணியாளர் இவற்றை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டு எழுந்து போய்விடுவார். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் யாரோ பட்ட பாடு இருக்கிறது. ‘ஓரத்தில் இருக்கும் பெட்டி எளியதாக இருக்கட்டும், மூளை ஓரிடத்தில் இருக்கட்டும்’ என்ற எண்ணம் வை-ஃபை உலகுக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே சென்னையில், அடையாற்றை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில், வேறொரு தேவைக்காகச் செயலுக்கு வந்தது. அந்தத் தேவை வசதி பற்றியது அன்று, விலை பற்றியது. ஆகவே இவ்வரலாற்றை அங்கிருந்து தொடங்குவதே பொருத்தம்.

ஒரு தொலைபேசியின் விலை

1990-களின் நடுப்பகுதியில் இந்தியாவில் நூறு பேருக்கு ஏறத்தாழ ஒரு தொலைபேசி இணைப்பே இருந்தது. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் சென்னையிலேயே உண்டு. எடுத்ததற்கெல்லாம் அரசின் மெத்தனத்தைக் குறை சொல்வது எளிது. சென்னை ஐ.ஐ.டி. மின்பொறியியல் துறைப் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய சகாக்களும் குறையை வேறிடத்தில் கண்டார்கள். ஒரு புதிய இணைப்புக்கு ஏறத்தாழ 30,000 ரூபாய் செலவாகிறது. அந்த முதலீடு திரும்ப வேண்டுமானால் ஓர் இணைப்பிலிருந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வருவாய் வர வேண்டும். அவ்வளவு கட்டக்கூடிய குடும்பங்கள் நாட்டில் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் தேறும். இது அவர் தம் கட்டுரைகளிலும் உரைகளிலும் திரும்பத் திரும்பச் சொன்ன கணக்கு. செலவை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் பாதி நாடு தொலைபேசி வாங்கும் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

மேலை நாடுகளில் இந்தக் கணக்கைப் போட வேண்டிய தேவையே எழவில்லை. அங்கு ஏற்கெனவே எல்லா வீட்டிலும் தொலைபேசி இருந்தது. அங்குள்ள ஆய்வுக்கூடங்கள் விலையைக் குறைப்பதைவிட வசதியைக் கூட்டுவதிலேயே நாட்டம் கொண்டன. ஆகவே விலை குறைக்கும் ஆய்வை இந்தியாதான் செய்தாக வேண்டும் என்பது சென்னைக் குழுவின் நிலைப்பாடு.

செலவின் பெரும்பகுதி தொலைபேசி நிலையத்தில் இல்லை. நிலையத்திலிருந்து வீடு வரை தெருவைத் தோண்டிப் புதைக்கும் செப்புக்கம்பியில் இருந்தது. மயிலாப்பூர் மாட வீதிகளைப் போன்ற நெருக்கமான பகுதியில் தோண்டுவது ஒரு துன்பம் என்றால், சிற்றூரில் நான்கு வீட்டுக்காக மைல் கணக்கில் கம்பி இழுப்பது இன்னொரு துன்பம். கடைசித் தொலைவைக் காற்றில் கடந்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே ‘கார்டெக்ட்’ என்ற அமைப்பு.

ஜுன்ஜுன்வாலா 1981-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆசிரியராகச் சேர்ந்தவர். பாஸ்கர் ராமமூர்த்தி அதே நிறுவனத்தில் பி.டெக். படித்து, அமெரிக்காவில் ஆய்வுப் பட்டம் பெற்று, பெல் ஆய்வகத்தில் சிறிது காலம் பணியாற்றிவிட்டு 1986-ல் ஆசிரியராகத் திரும்பியவர். பின்னாளில் 2011 முதல் 2022 தொடக்கம் வரை அந்நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவரும் அவரே. கணினி அறிவியல் துறையின் திமொதி கொன்சால்வஸ் முதலியோரும் சேர, ‘டெனெட்’ என்ற ஆய்வுக் குழு உருவாயிற்று. பழைய மாணவர்கள் தொடங்கிய மைதாஸ் கம்யூனிகேஷன் டெக்னாலஜிஸ் என்ற சென்னை நிறுவனம் கருவிகளை வடிவமைத்தது. சில்லுகளுக்கு அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் துணை நின்றது. பேராசிரியர்களும் மாணவர்களும் நிறுவனம் தொடங்குவது அன்று வழக்கமில்லை. பலர் அதை ஐயத்தோடு பார்த்த காலம் அது.

டி.ஐ.யூ. என்னும் மூளை

கார்டெக்ட் அமைப்புக்கு அடிப்படை, ஐரோப்பாவில் வீட்டுக்குள் கையில் எடுத்துச் செல்லும் தொலைபேசிக்காக 1990-களின் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட ‘டெக்ட்’ என்ற தரம். 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையில் அது இயங்கும். அறைக்கும் அறைக்கும் இடையே பேசப் பிறந்த அந்தத் தரத்தைச் சென்னைக் குழு ஊருக்கும் ஊருக்கும் இடையே பேச வைத்தது. இடையில் மறைப்பு இல்லாமல் நேர்ப்பார்வை இருந்தால் 10 கிலோமீட்டர் வரை இணைப்புக் கிடைக்கும். நடுவே ஓர் அஞ்சல் நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர் வரை நீட்டலாம்.

இதன் உறுப்புகளைப் பார்த்தால் இன்றைய கட்டுப்பாட்டகம் படித்தவருக்கு வியப்பு ஏற்படும். சந்தாதாரர் வீட்டில் ‘வால்செட்’ என்ற சிறு பெட்டி, கூரைமேல் ஓர் ஏரியல். கம்பத்திலோ மாடியிலோ ‘சி.பி.எஸ்.’ என்ற சிறிய தள நிலையம். இவற்றுக்கெல்லாம் தலைமையாகத் தொலைபேசி நிலையத்தை ஒட்டி ‘டி.ஐ.யூ.’ என்ற இடைமுகக் கருவி. தள நிலையத்துக்குத் தனி மின்சாரம் வேண்டாம், தனி அறை வேண்டாம். டி.ஐ.யூ.விலிருந்து செல்லும் மூன்று இணைச் செப்புக்கம்பிகளே செய்தியையும் மின்சாரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஒரு டி.ஐ.யூ. 20 தள நிலையங்களை நடத்தும். ஏறத்தாழ ஆயிரம் சந்தாதாரர்களைக் கவனிக்கும்.

ஒரு தள நிலையத்தில் ஒரே நேரத்தில் 12 பேர்தான் பேச முடியும். இருபது நிலையங்களுக்கு 240 பேர். அப்படியானால் ஆயிரம் பேருக்கு எப்படி இணைப்புக் கொடுத்தார்கள் என்று மாணவர் கேட்கலாம். ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் பேசமாட்டார்கள் என்பதே விடை. ஒரு தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே நாளில் திருமணம் நடக்காது என்ற நம்பிக்கையில்தான் ஒரே ஒரு சத்திரத்தைக் கட்டுகிறார்கள். வை-ஃபை வடிவமைப்பவர்கள் ‘ஓர் அணுகுபுள்ளிக்கு எத்தனை பேர்’ என்று இன்றும் போடும் கணக்கும் இதே வகைதான்.

அலைவரிசை ஒதுக்கும் வேலையை மனிதரிடம் விடாதது டெக்ட் தரத்தின் மற்றொரு சிறப்பு. பத்து அலைகள், ஒவ்வோர் அலையிலும் பன்னிரண்டு இணை நேரத்துண்டுகள், ஆக 120 வழிகள். அவற்றில் அந்த நொடியில் இரைச்சல் குறைந்த வழியைக் கருவியே தேடிப் பிடித்துக்கொள்ளும். எந்தத் தெருவுக்கு எந்த அலைவரிசை என்று வரைபடம் போட்டுத் திட்டமிட வேண்டியதில்லை. இன்றைய கட்டுப்பாட்டகத் திரையில் ‘அலைவரிசை: தானியங்கி’ என்று ஒரு தெரிவு இருக்கிறதே, அதன் மூத்த உறவு இது.

இணையம் வந்தபோது இன்னொரு சிக்கல் முளைத்தது. தொலைபேசியில் பேசுவோர் சில நிமிடங்களில் வைத்துவிடுவார்கள். தொலைபேசி வழியே இணையத்தில் நுழைந்தவர் அரைமணி, ஒரு மணி என்று இருப்பார். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியபோது சேவை பெற்ற நகரங்களுள் சென்னையும் ஒன்று. மோடம் ‘கீ... கர்...’ என்று கத்திவிட்டு இணையும்வரை காத்திருந்ததும், அந்நேரத்தில் வீட்டுத் தொலைபேசி முடங்கிக் கிடந்ததும் அக்காலத்தவர் அறிந்தவை. சுருக்கமாகப் பேசுவோருக்காகக் கட்டப்பட்ட நிலையம் நெடுநேரம் தங்குவோரால் திணறியது. கார்டெக்ட் இணையப் போக்குவரத்தைத் தொலைபேசி நிலையத்துக்குள் விடாமல், டி.ஐ.யூ. இருக்கும் இடத்திலேயே பிரித்து வேறு வழியில் அனுப்பியது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே விநாடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையம் கிடைத்தது, பேசாதபோது 70. இன்றைய கண்ணுக்கு இது நத்தை வேகம். அன்று அது சிற்றூருக்கும் நகரத்துக்கும் ஒரே வேகம் என்பதே செய்தி.

மேலூர்

இந்த அமைப்பை நகரவாசிக்காக மட்டும் செய்யவில்லை என்பதை மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001-ல் தொடங்கிய முயற்சி காட்டியது. டெனெட் குழுவிலிருந்து கிளைத்த ‘என்-லாக்’ நிறுவனம் ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகியவற்றின் ஆய்வாளர்களோடு சேர்ந்து அங்குச் சிற்றூர் இணைய நிலையங்களை அமைத்தது. கணினி, வால்செட், ஏரியல், அச்சுப்பொறி, மின்கலம், தமிழ் மென்பொருள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 50,000 ரூபாயில் ஒருவர் ஒரு நிலையத்தை நடத்தலாம் என்பது திட்டம். முதியோர் உதவித்தொகை, சான்றிதழ் முதலியவற்றுக்கு வட்டாட்சியர் அலுவலகம் போகாமல் ஊரிலிருந்தே விண்ணப்பிக்க முடிந்தது. கண்ணைப் படம் பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்கவும் இந்நிலையங்கள் உதவின.

ஆனால் பல நிலையங்கள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. வருமானம் போதவில்லை, கருவி பழுதானால் பார்க்க ஆள் வரத் தாமதமாயிற்று. அதற்குள் கைப்பேசியும் மலிந்துவிட்டது. கார்டெக்ட் மடகாஸ்கர், பிஜி முதலிய நாடுகளுக்கும் போனது. எனினும் இந்தியாவில் நடமாடும் தொலைபேசி வந்தபின் சுவரில் பொருத்தும் தொலைபேசிக்கு இடமில்லாமல் போயிற்று. இதைத் தோல்வி என்று எழுதிவிட்டுப் போவது சரியன்று. ‘இங்கே செய்ய முடியாது’ என்று கருதப்பட்ட ஒரு முழுத் தொலைத்தொடர்பு அமைப்பை இங்கேயே செய்து, பத்துக்கு மேற்பட்ட நாடுகளுக்கு விற்ற அனுபவம் அது. அந்த ஆட்களும் அனுபவமும் கலைந்துவிடவில்லை. ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவிலுள்ள ‘செவிட்’ என்ற கம்பியில்லாத் தொழில்நுட்ப மையம் அவ்வழியில் வந்ததே.

தனித்தனிப் பெட்டியிலிருந்து ஒரே திரைக்கு

வை-ஃபை வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. 1971-ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு தீவுகளுக்கு இடையே வானொலி வழியாகக் கணினிகளை இணைத்த ‘அலோஹாநெட்’ அதன் பாட்டன் எனலாம். 1985-ல் அமெரிக்க அரசு சில அலைக்கற்றைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்த விட்டது. 1997-ல் 802.11 என்ற தரம் வெளிவந்தது. 1999-ல் ‘வை-ஃபை’ என்ற பெயர் சூட்டப்பட்டது.

டெக்ட் தரத்தில் ஒவ்வொருவருக்கும் நேரத்துண்டு ஒதுக்கப்படும். வகுப்பில் ஆசிரியர் பெயர் சொல்லிக் கேட்பது போன்றது இது. வை-ஃபையில் அப்படியில்லை, வேறு யாரும் பேசவில்லை என்று காதுகொடுத்துக் கேட்டபின் பேச வேண்டும். ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாத தொலைவில் இரு கருவிகள் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி, நடுவிலிருப்பவருக்கு எதுவும் புரியாமல் போகும். இச்சிக்கலைப் பற்றி 1994-ல் வெளியான ‘மக்கா’ (எம்.ஏ.சி.ஏ.டபிள்யூ.) என்ற ஆய்வுக் கட்டுரை இத்துறையில் பெயர் பெற்றது. அதன் முதல் ஆசிரியர் வடுவூர் பரகவன், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். ‘அனுப்பலாமா?’ என்று கேட்டு, ‘அனுப்பு’ என்ற பதில் வந்தபின் அனுப்பி, ‘கிடைத்தது’ என்ற ஒப்புதலையும் பெறும் முறையை அக்கட்டுரை சீர்படுத்தியது. இதே வகையான உரையாடல் வை-ஃபை தரத்திலும் உண்டு. கட்டுப்பாட்டகத்தின் மேம்பட்ட அமைப்புகளில் ‘ஆர்.டி.எஸ். வரம்பு’ என்று ஒரு கட்டம் இன்றும் இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. ‘அனுப்பலாமா?’ என்ற கேள்வியை எவ்வளவு பெரிய செய்திக்குக் கேட்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தக் கட்டந்தான்.

தொடக்கக் கால அணுகுபுள்ளிகள் ஒவ்வொன்றும் தனிக்காட்டு ராஜா. பெயர், கடவுச்சொல், அலைவரிசை எல்லாவற்றையும் ஒவ்வொன்றிலும் தனித்தனியே பதிய வேண்டும். பத்துப் பெட்டி இருந்தால் ஒன்றிலாவது எழுத்துப்பிழை வரும். 2000-க்குப் பின் இக்குறையைத் தீர்க்க அமெரிக்காவில் பல நிறுவனங்கள் தோன்றின. 2001-ல் ஏர்ஸ்பேஸ், 2002-ல் அரூபா, அதே 2002-ல் பரகவன் தொடங்கிய மேரு நெட்வொர்க்ஸ். அணுகுபுள்ளியை எளிதாக்கி மூளையைக் கட்டுப்பாட்டகத்துக்கு மாற்றுவது எல்லோருக்கும் பொதுவான வழி. மேரு இன்னும் ஒரு படி போனது. எல்லா அணுகுபுள்ளிகளும் ஒரே அலைவரிசையில் இயங்கும். கைப்பேசிக்கு முழு வளாகமும் ஒரே பெட்டி போலத் தோன்றும். எந்தப் பெட்டி எந்தக் கைப்பேசிக்குப் பேசுவது என்பதைக் கட்டுப்பாட்டகம் முடிவு செய்யும். துறையில் பெரும் விவாதத்தைக் கிளப்பிய வழி இது. பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றவில்லை. 2015-ல் மேருவை ஃபோர்டிநெட் வாங்கியது. ஏர்ஸ்பேஸ் 2005-லேயே சிஸ்கோவிடம் போய்விட்டது.

அணுகுபுள்ளியும் கட்டுப்பாட்டகமும் பேசிக்கொள்ளும் மொழிக்கு ‘கேப்வாப்’ என்று பெயர். 2009-ல் பொதுத் தரமாக வெளியிடப்பட்டது. கட்டளைக்கு 5246, தரவுக்கு 5247 என்று இரு வாயில்கள் அதற்கு உண்டு. இடையிலுள்ள பாதுகாப்புச் சுவர் இவ்விரண்டையும் மூடிவிட்டால் அணுகுபுள்ளி விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், வேலை செய்யாது. புதிதாய் இத்தொழிலுக்கு வருபவர் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அணுகுபுள்ளிக்கு மின்சாரமும் வலைக் கம்பியிலேயே போகிறது. அதற்கான தரம் 2003-ல் வந்தது. கார்டெக்ட் தள நிலையத்தின் மூன்று இணைக் கம்பிகளை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்யப்பட்டது என்பதற்குச் சான்றில்லை. ஒரே தேவை இரு இடங்களில் ஒரே விடையைத் தந்திருக்கிறது.

பிற்கால வை-ஃபை பெட்டிகளில் பல ஏரியல்கள் இருப்பதற்கும் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. ஒரே அலையில் பல ஏரியல்கள் வழியே பல ஓடைகளை அனுப்பும் ‘மைமோ’ முறைக்குப் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் 1992-ல் காப்புரிமை கோரினார். 2009-ல் வந்த 802.11என் தரம் அம்முறையை வை-ஃபைக்குக் கொண்டுவந்தது.

‘நாடு: இந்தியா’

அமைப்புத் திரையில் முதற் கட்டமான நாட்டின் பெயரைப் பலர் அலட்சியமாக விட்டுவிடுவர். பெட்டியில் வந்தபடியே வேறு நாட்டின் பெயர் நின்றுவிடும். உண்மையில் அது சட்டம் தொடர்பான கட்டம்.

இந்தியாவில் கம்பியில்லாக் கருவி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்று 1933-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. வீட்டு வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி, சிறு புத்தகத்தில் வில்லை ஒட்டி வாங்கிய நினைவு அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இருக்கும். வானொலி கேட்கவே உரிமம் கேட்ட நாட்டில், வானொலி அலையை வீசும் பெட்டியை ஒவ்வொரு வீட்டிலும் வைக்க இசைவு கிடைப்பது சிறிய மாற்றம் அன்று. 2005 சனவரியில் 2.4 முதல் 2.4835 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான கற்றைக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அதிலும் வரம்புகள் உண்டு. கருவியின் திறன் 1 வாட், ஏரியலோடு சேர்த்துக் கணக்கிடும் வீச்சு 4 வாட், ஏரியல் கட்டடக் கூரைக்கு மேல் 5 மீட்டருக்குள். 5 ஜிகாஹெர்ட்ஸ் கற்றையில் முதலில் பெரும்பாலும் கட்டடத்துக்குள் மட்டுமே குறைந்த திறனுக்கு இசைவு இருந்தது. 2018 அக்டோபரில்தான் அது விரிவாகத் திறந்துவிடப்பட்டது. திரையில் ‘இந்தியா’ என்று தெரிவு செய்தால் இந்த வரம்புகளுக்கு ஏற்பக் கருவி தன்னை அடக்கிக்கொள்ளும். வேறு நாட்டைத் தெரிவு செய்தால், இங்கே அனுமதியில்லாத அலையில் பேசலாம். அல்லது அனுமதியுள்ள அலையைப் பயன்படுத்தாமல் விடலாம்.

தெருவும் சுவரும்

2.4 ஜிகாஹெர்ட்ஸ் கற்றையில் பதின்மூன்று அலைவரிசைகள் எண்ணப்பட்டாலும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை 1, 6, 11 ஆகிய மூன்றே. அடுக்குமாடி வீடுகள் நெருங்கிய தியாகராய நகர்த் தெருவில் கைப்பேசியைத் திறந்தால் இருபது முப்பது வலையமைப்புகளின் பெயர் வரிசையாக வரும். அத்தனை பேரும் மூன்று வழியில் நெருக்கியடிக்கிறார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்து ரங்கநாதன் தெரு போலத்தான். அந்நெரிசலில் ஒருவர் குரலை உயர்த்தினால் எல்லோரும் உயர்த்துவார்கள். யாருக்கும் எதுவும் கேட்காது. ‘திறன்’ என்ற கட்டத்தில் உச்ச அளவை வைப்பது இந்தத் தவறுதான். பெட்டியின் குரல் கைப்பேசிக்குக் கேட்கும், கைப்பேசியின் மெல்லிய குரல் பெட்டிக்குக் கேட்காது. திறனைக் குறைத்து, பெட்டிகளைக் கூட்டி, இரு பக்கக் குரலையும் சமமாக வைப்பதே நல்ல வடிவமைப்பு. கட்டுப்பாட்டகம் அக்கம்பக்கத்துப் பெட்டிகளின் குரலை அளந்து இதைத் தானே செய்துகொள்ளும்.

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் சிக்கல் வேறு. செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய தடித்த சுவர்களை 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை எளிதில் ஊடுருவாது. கூடத்தில் வைத்த பெட்டி பின்கட்டுக்கு எட்டாது. எந்த அமைப்பை மாற்றினாலும் சுவரை மாற்ற முடியாது. கம்பி இழுத்து இன்னொரு பெட்டி வைப்பதே வழி. மறுபக்கம், முற்றம் வழியாக அலை தாராளமாகப் போகும். முற்றத்தை ஒட்டிய தூணில் பெட்டியை வைத்தால் சுற்றியுள்ள அறைகளுக்கெல்லாம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

பெயர், கடவுச்சொல், ஓ.டி.பி.

வை-ஃபையின் முதல் பூட்டான ‘வெப்’ 2001-லேயே ஆய்வாளர்களால் உடைக்கப்பட்டது. 2004-ல் ‘டபிள்யூ.பி.ஏ.2’ வந்தது, 2018-ல் அதன் அடுத்த பதிப்பு. ஆயினும் பூட்டே இல்லாமல் திறந்து கிடந்த வலையமைப்புகள் இந்தியாவில் ஏராளம். 2008 சூலையில் அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு குடியிருப்பின் பூட்டப்படாத வை-ஃபை வழியாக அனுப்பப்பட்டது தெரியவந்தது. வீட்டுக்காரர் விசாரணைக்கு ஆளானார். அதன் விளைவாக 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை புதிய விதிகளை வெளியிட்டது. பொது இடத்தில் வை-ஃபை தருபவர் பயனரின் அடையாளச் சான்றைப் பெற வேண்டும், அல்லது கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியில் கடவுச்சொல் அனுப்பி எண்ணைப் பதிவு செய்ய வேண்டும்.

விமான நிலையத்திலும் தொடர்வண்டி நிலையத்திலும் உணவகத்திலும் வை-ஃபையைத் தொட்டவுடன் ‘உங்கள் கைப்பேசி எண்ணைத் தருக’ என்ற பக்கம் ஏன் வருகிறது என்பதற்கு விடை இது. இந்திய எண் இல்லாமல் வரும் வெளிநாட்டு உறவினர்கள் இதனால் படும் அவதியை வீட்டுக்கு வீடு சொல்வார்கள். கட்டுப்பாட்டகத்தில் ‘நுழைவுப் பக்கம்’ என்ற கட்டத்தை அமைப்பவர் வெறும் வரவேற்புப் பலகையை வைக்கவில்லை. யார், எப்போது நுழைந்தார் என்ற பதிவேட்டை அவர் திறக்கிறார். அந்தப் பதிவேடு யார் கையில், எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்கும் உரிமை எண் கொடுப்பவருக்கு உண்டு. கேட்பவர்தாம் குறைவு.

தேனியில் ஒரு பாடம்

மூளையைத் தொலைவில் வைப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. தொலைவிலிருந்து ஓர் அமைப்பைத் தவறாக மாற்றிவிட்டால், அதைத் திருத்தப் போகும் வழியே அடைபட்டுவிடும். பக்கத்து அறை என்றால் ஏணி போதும். நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்தால் ஒரு நாள் பயணம்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் சுற்றியுள்ள ஊர்களின் பார்வை மையங்களுக்கும் இடையே நெடுந்தொலைவு வை-ஃபை இணைப்புகளை 2000-களின் நடுவில் அமைத்தபோது இதை நேரில் கண்டார்கள். மருத்துவர் தேனியில் இருந்தபடியே ஊரிலுள்ள நோயாளியைத் திரையில் பார்த்துப் பேசுவார். மாதத்துக்கு ஆயிரக்கணக்கானோர் பயன்பெற்றனர். வை-ஃபை அறைக்குள் பேசப் பிறந்தது. ‘கிடைத்தது’ என்ற ஒப்புதல் வரத் தாமதமானால் செய்தி தொலைந்தது என்று எண்ணி மறுபடி அனுப்பும். பல கிலோமீட்டர் தொலைவில் ஒப்புதல் தாமதமாகத்தான் வரும். ஆகவே காத்திருக்கும் நேரத்தை நீட்டினார்கள். பிறகு ஒப்புதல்களை மொத்தமாகப் பெற்று, நேரத்துண்டு பிரித்துப் பேசும் முறைக்கு மென்பொருளையே மாற்றினார்கள். கேட்டுப் பேசும் வை-ஃபை, தொலைவு கூடியபோது கார்டெக்ட் பேசிய முறைக்கே திரும்பியது என்று சொல்லலாம்.

அவர்களை அதிகம் வாட்டியது அலை அன்று, மின்சாரம். திடீரென்று ஏறும் மின்னழுத்தம் கருவிகளைக் கருக்கியது. அடிக்கடி நின்று வந்த மின்சாரம் நினைவட்டையில் எழுதிய அமைப்புகளைக் கெடுத்தது. மாற்று ஏற்பாடாக, கெடாத ஒரு மூலப் படியைக் கருவிக்குள்ளேயே வைத்தார்கள். புதிய அமைப்பு வேலை செய்யாவிட்டால் கருவி தானே மறுதொடக்கமாகிப் பழைய படிக்குத் திரும்பும். ஊர்ப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எந்த விளக்கு எரிய வேண்டும், எந்தக் கம்பியைக் கழற்றிப் பூட்ட வேண்டும் என்ற அளவில் தொடங்கிய பயிற்சி அது. மேலூரில் ‘பார்க்க ஆள் வரவில்லை’ என்ற குறை இங்கே ஓரளவு அடைபட்டது. இன்றைய கட்டுப்பாட்டகங்கள் பலவற்றில் அமைப்பை மாற்றியபின் சில நிமிடங்களுக்குள் ‘உறுதி செய்க’ என்று அழுத்தாவிட்டால் பழையதற்கே திரும்பும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தாமல் இரவு பதினொரு மணிக்கு அமைப்பை மாற்றிவிட்டு, மறுநாள் காலை அலுவலகம் முழுவதற்கும் விடை சொன்னவர்கள் இத்தொழிலில் பலர்.

மேகத்துக்குப் போன மூளை

இப்போது கட்டுப்பாட்டகம் பெரும்பாலும் கட்டடத்துக்குள் இல்லை. இணையத்தில் எங்கோ உள்ள கணினிகளில் இயங்குகிறது. அடையாற்றில் உள்ள பள்ளியின் வை-ஃபை கடவுச்சொல்லை வேறு கண்டத்தில் உள்ள கணினி வைத்திருக்கலாம். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘பிஎம்-வாணி’ திட்டமும் இதே வடிவில் அமைந்தது. தேநீர்க் கடையோ மளிகைக் கடையோ உரிமமும் கட்டணமும் இல்லாமல் பொது வை-ஃபை தரலாம். கடையில் இருப்பது எளிய அணுகுபுள்ளி மட்டும். பயனரைச் சரிபார்ப்பது, கணக்கு வைப்பது முதலிய வேலைகளை ஒருங்கிணைப்பு நிறுவனம் பார்த்துக்கொள்ளும். மையப் பதிவேட்டை சி-டாட் நிறுவனம் வைத்திருக்கும். கடைக்காரர் எந்த அமைப்புத் திரையையும் திறக்க வேண்டியதில்லை. மேலூரில் 50,000 ரூபாய் போட்டு ஏரியல் நட்டவர், பழுது பார்க்க யாரும் வராமல் கதவைச் சாத்திய கடைக்கு ஒத்த கடைதான் இதுவும்.